குட்டை நாற்காலி

பழிவாங்க நினைக்கிறவர்கள் என்னென்னவோ செய்வார்கள். கேஸ் போடுவார்கள், சாபம் விடுவார்கள், வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தே ஆளைக் கொல்லுவார்கள். தையல்காரி நாற்காலி செய்யச் சொன்னாள்.

தச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குழந்தைகளுக்கான நாற்காலிகளை அவள் சொன்ன அளவிலேயே முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. வகுப்பில் குழந்தைகள் வேலை செய்வதை வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்கள் உட்காருவதற்காக, சுவரோரம் போட.

"இது பெரியவங்க உக்கார்றதுதானேம்மா? கொஞ்சம் தூக்கிடவா?"

"வேண்டாம். இதுக்கும் அதே உயரம்."

"முட்டி வந்து தாடையில இடிக்குமே."

"இடிக்கட்டும்," என்றாள் தையல்காரி. தோளில் தொங்கிய தையல் டேப்பை எடுத்து உயரத்தை இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். ஊரில் யார் யாரோ அதில் உட்காரலாம். அவள் மனசில் இருந்த முட்டி ஒருத்தருடையதுதான். அது பிரம்பு டீச்சருடையது.

மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள் அவள். பெருத்துப்போனவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள், இளைத்துப்போனவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். பழைய ஜிப்பைப் பிடுங்கிவிட்டுப் புது ஜிப் வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை அடிக்க ஆளில்லை. கத்தரிக்கோல் மட்டும் தனி. இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது, அலைந்து திரிந்து வாங்கியது. வேறு யார் கை பட்டாலும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கடைக்கு அவள் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. "பீச்சாங்கை கடையில குடுத்துட்டு வா" என்றுதான் பிள்ளைகளை அனுப்புவார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே துணியை வாங்கிக்கொள்வாள். உள்ளே வயிறு எரியும்.

அந்தப் பெயர் பிறந்தது கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பில். அப்போது அவளுக்கு எட்டு வயசு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய நீள அறையில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். மேசைமேல் ஒரு பிரம்பு கிடக்கும். பிரம்புக்குப் பின்னால் டீச்சர் இருப்பார். அப்போது இளவயசு, நெட்டை, நாரை மாதிரி கழுத்து. கேள்வி கேட்பார், பதிலை வரி தப்பாமல் ஒப்பிக்கணும். ஒப்பிப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பரலோக மந்திரமும் பிரியதத்த மந்திரமும் தண்ணீர்பட்ட பாடு. கைதான் மாட்டிவிட்டது. சிலுவை போடச் சொன்னால் இடது கை எழுந்துவிடும். நெற்றிக்குப் போன பிறகுதான் அவளுக்கே தெரியும்.

"அது சாத்தானோட கை," என்றார் டீச்சர். விரல் முட்டியில் பிரம்பு விழுந்தது.

அடுத்த வாரமும் அதே கை, அதே அடி. மூன்றாம் வாரம் டீச்சர் அடிக்கவில்லை. அவள் சடையில் இருந்த ரிப்பனை உருவி, இடது மணிக்கட்டைப் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி அவிழ்ந்த சடையோடு, வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பின்பெஞ்சில் யாரோ மெதுவாக "பீச்சாங்கை" என்றார்கள். அறை முழுக்கச் சிரித்தது. டீச்சர் அதட்டவில்லை. அவரும் லேசாகச் சிரித்தார்.

அதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பாளோ என்னவோ. அந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை, முதல்தடவையாகப் பீடத்தில் அப்பம் வாங்குகிற நாள். ஒத்திகையில் பீடத்துக்கு முன்னால் போய் நின்றதும் பயத்தில் இடது கை எழுந்துவிட்டது. டீச்சர் அவளை வரிசையிலிருந்து இழுத்து வெளியே விட்டார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு ஆண்டவர்கிட்ட போக முடியாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அம்மா ஏற்கனவே வெள்ளை கவுன் தைத்து முடித்திருந்தாள். கைநுனியில் லேஸ் வைத்து, இடுப்பில் சாட்டின் பட்டை வைத்து, பார்த்துப் பார்த்துத் தைத்த கவுன். அம்மா டீச்சரிடம் சண்டைக்குப் போவாள் என்று அவள் நம்பினாள். அம்மா போகவில்லை. "டீச்சர் உன் நல்லதுக்குத்தானேடி சொல்றாங்க" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கவுனில் இஸ்திரிப்பெட்டி பட்டுப் பொசுங்கிவிட்டது என்று தெரிந்ததும், "தச்சது வீணாப் போகக் கூடாதில்ல" என்று இந்தக் கவுனைத் தூக்கி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பூசையில் தையல்காரி கலர் சட்டையோடு பின்னால் உட்கார்ந்து, தன்னுடைய கவுன் தானாக நடந்து பீடத்துக்குப் போவதைப் பார்த்தாள். நன்மை வாங்கின வாயெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த லேஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் கவுன் திரும்பி வந்தது, தோள் பிடித்தது.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே வளர்ந்தாள். கல்யாணம் ஆனது, பஸ் ஓட்டுகிற ஒரு நல்ல மனுஷன் கிடைத்தான், தலையில் நரைகூட எட்டிப் பார்த்தது. கறுவல் மட்டும் நரைக்கவில்லை. கோயிலுக்குள் நுழைந்தால் இன்றைக்கும் வலது கையால்தான் சிலுவை போடுவாள், இடது கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொள்வாள். அதை நினைத்தாலே அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வரும். பிரம்பு டீச்சரோ அதே நீள அறையில், அதே மேசைக்குப் பின்னால் வயசாகிக்கொண்டிருந்தார். காலம் மாறியதில் பிரம்பு போய் ஸ்கேல் வந்தது, அவ்வளவுதான். மறைக்கல்விக்கு அவர்தான் தலைவி. கோயில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவையில் அவர் தொண்டையைச் செருமினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். புதுசாக மாற்றலாகி வந்த இளவயசு ஃபாதருக்கே அவரைக் கண்டால் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

வழி கிடைத்தது வேறொரு ஊரில். தங்கச்சி பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போயிருந்தாள். தங்கச்சியின் மூத்த பிள்ளையை அந்த ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வேலை அவளுக்கு. போனால், வகுப்பு என்று சொன்ன இடத்தில் பெஞ்சே இல்லை. முழங்கால் உயர அலமாரிகள். குழந்தை உயரத்தில் ஒரு பீடம், அதன்மேல் விரல் அளவு மெழுகுவர்த்தி, உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம். மரத்தில் செய்த நல்ல ஆயன், மர ஆடுகள், ஒரு பட்டி. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த வேலையைத் தாங்களே எடுத்துத் தரையில் பாய் விரித்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் குடுவையிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினான். இடது கையால். சிந்திவிட்டது.

 அடி விழப்போகிறது என்று தையல்காரி பார்த்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடியன் பக்கத்தில் இருந்த ஸ்பாஞ்சை எடுத்துத் துடைத்தான், மறுபடி ஊற்றினான், அதே கையால்.

அவள் அழுதாள். சும்மா அழுகை இல்லை, அங்கிருந்த டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு அழுகை. மனம் உருகி அழுகிறாள் என்று அந்த அம்மா நினைத்திருப்பார். உருக்கமாவது மண்ணாவது! அத்தனையும் ஆத்திரம். இப்படி ஒரு அறை உலகத்தில் இருக்க முடியும் என்றால், அவளுக்கு நடந்தது நடந்தே ஆகவேண்டும் என்று ஒரு அவசியமும் இருந்ததில்லை. சாமி கேட்கவில்லை. சட்டம் கேட்கவில்லை. அந்தப் பொம்பளைதான் செய்தாள்.

அதற்குப் பிறகு தங்கச்சிமேல் அவளுக்குத் திடீர்ப் பாசம். விடுமுறை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தங்கச்சி வீட்டில் தங்கி அந்த அம்மாவிடம் பயிற்சி எடுத்தாள். எப்படிப் பாய் விரிப்பது, எப்படிப் பேசாமலே ஒரு வேலையைச் செய்து காட்டுவது, தப்பு செய்யும் குழந்தையை எப்படி விட்டுவைப்பது என்று எல்லாம் கற்றாள். அந்தக் கடைசிப் பாடம்தான் கஷ்டம் என்று அந்த அம்மா சொன்னார். "தப்பை வேலையே காட்டிக்குடுக்கும். சிந்தினா ஈரமாகும், பிள்ளைக்குத் தெரியும். நாம வாயைத் திறக்கக் கூடாது." தையல்காரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிரம்பு டீச்சரைப் பேசவிடாமல் செய்ய இதைவிட நல்ல சட்டம் எங்கே கிடைக்கும்!

ஊருக்கு வந்து ஃபாதரைப் பிடித்தாள். மூன்று வயசிலிருந்து ஆறு வயசுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு அறை வேண்டும், செலவு தன்னுடையது என்றாள். ஃபாதர் தயங்கித் தயங்கி, கோயிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காட்டினார். உடைந்த மெழுகுத்தண்டுகள், வாயடைத்துப்போன ஒலிபெருக்கி, இறக்கை விரித்த, மூக்கில்லாத ஒரு சம்மனசு சிலை. அவளும் புருஷனும் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள்.

"இந்தச் சம்மனச என்ன பண்றது? மூக்கு எங்க போச்சோ!" என்றான் புருஷன்.

"யாராவது பெரிய டீச்சர்கிட்ட பீச்சாங்கையால சிலுவை போட்டுக் காமிச்சிருக்கும். வெளிய வைங்க."

கழுவி வெள்ளையடித்த பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். சாமான்கள் எல்லாம் பழிதீர்க்கிற மாதிரியே இருந்தன. பெஞ்சு கிடையாது. பெஞ்சு இருந்தால்தானே காலில் ரிப்பன் கட்டுவாய்? டீச்சருக்கு மேசை கிடையாது. மேசை இருந்தால்தானே ஸ்கேல் வைப்பாய்? பீடத்துக்கு விரிக்க வெள்ளைத் துணி, பொம்மைக்குப் போடுகிற அளவில் பச்சையும் ஊதாவும் சிவப்புமாகப் பூசை உடுப்புகள், எல்லாம் அவளே தைத்தாள். வெள்ளை உடுப்பின் கைநுனியில் மட்டும் லேஸ் வைத்தாள். வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பார்த்தும் பார்க்காத மாதிரி ஆடுகளுக்குப் பாலிஷ் போட்டான்.

அறை நடக்கத் தொடங்கியது. பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒன்று பூக்கடைக்காரியின் மகள், ஐந்து வயசு, எல்லாரும் வாண்டு என்று கூப்பிடுவார்கள். முதல் நாளே வாண்டு இடது கையால் குடுவையைத் தூக்கினாள். தண்ணீர் ஊற்றும் வேலை என்றால் அவளுக்கு உயிர். முடித்ததும் ஜெப மேசைக்கு முன்னால் போய், யாரும் சொல்லாமலே, இடது கையால் பெரிசாக ஒரு சிலுவை போடுவாள். தையல்காரி அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் யாரோ கைதட்டுகிற மாதிரி இருக்கும்.

செய்தி பிரம்பு டீச்சருக்குப் போகாமல் இருக்குமா? ஒரு ஞாயிறு வந்து வாசலில் நின்றார். முதுகு வளைந்திருந்தது, கழுத்து மட்டும் அப்படியே. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னது இது, பொம்மைக் கடையா?"

"பிள்ளைங்க வேலை செய்யிற இடம் டீச்சர். மெதுவாப் பேசுங்க."

"எனக்கே மெதுவாப் பேசச் சொல்லித் தர்றியா? ஒரு மந்திரம் ஒப்பிக்கச் சொல்லு பாப்போம் இதுல ஒண்ணை. ஆடு மேய்க்கக் கத்துக்குடுத்தா ஆச்சா? ஃபாதர்கிட்ட பேசிக்கறேன்."

பேசினார். சாமான் அறை சாமான் அறையாகவே இருக்கட்டும், பிள்ளைகளை நீள அறைக்கு அனுப்பட்டும், ஐந்து வயசிலிருந்தே நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஃபாதர் நெளிந்தார். பேரவை கூடி முடிவு செய்யட்டும் என்று நழுவப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தையல்காரி கணக்குப் போட்டாள். பேரவை என்றால் டீச்சர்தான். அறையை மூடினால் வாண்டு நேராக அந்த ஸ்கேலுக்குக் கீழே போய் நிற்பாள்.

"மூடுங்க ஃபாதர், வேண்டாங்கல. ஆனா மூடுறதுக்கு முன்னால டீச்சர் ஒரு தடவை வந்து உக்காந்து பாக்கட்டும். எல்லாருக்கும் உள்ள சட்டம்தான். சுவரோரம் நாற்காலி. கை மடியில. பேச்சு கிடையாது, யாரையும் திருத்தக் கூடாது. குழந்தை வந்து கூப்பிட்டா மட்டும் எழுந்து அது குடுக்கிற வேலையச் செய்யலாம்."

"ஒரு மணி நேரம்தானே? உக்காந்துட்டுப் போறேன்," என்றார் டீச்சர்.

சனிக்கிழமை மாலை தையல்காரி அறையில் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். குடுவைத் தட்டை அதன் அலமாரியிலிருந்து எடுத்து, சுவரோரத்துக் குட்டை நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். ஜெப மேசையையும் அந்தப் பக்கமாகத் திருப்பினாள். புருஷன் வாசலில் நின்று பார்த்தான்.

"எதுக்கு இடம் மாத்துற?"

"வாண்டு நேரா இங்க வருவா. டீச்சர் மூக்குக்கு முன்னால பீச்சாங்கையால ஊத்துவா, பீச்சாங்கையால சிலுவை போடுவா. அந்தம்மா வாயத் திறக்க முடியாது. திறந்தா சட்டத்தை மீறினாங்கன்னு ஃபாதரே பாப்பாரு. திறக்கலைன்னா உள்ளுக்குள்ளயே வெந்து சாகட்டும்."

"எந்த வேலைய எடுக்கணும்னு பிள்ளைதான் முடிவு பண்ணும்னு நீதானே சொன்ன?"

"ஆமா."

"இப்ப நீ முடிவு பண்ற."

"உங்களுக்கு பஸ்ஸு ஓட்டத் தெரியும்ல? அத ஓட்டுங்க," என்றாள். அவன் சொன்னது சுருக்கென்று தைத்துவிட்டது, அதனால்தான் அவ்வளவு காரம். தட்டை மட்டும் திருப்பி வைக்கவில்லை.

ஞாயிறு டீச்சர் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், தையல்காரியைப் பார்த்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். முட்டி தாடைக்கு வந்தது. தச்சர் சொன்னது பொய்யில்லை. ஃபாதர் வாசல்படியிலேயே நின்றுகொண்டார். தையல்காரிக்கு அந்த நிமிஷம் தேனாக இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

வாண்டு நேராக வந்தாள். தட்டை எடுத்தாள், பாய் விரித்தாள், டீச்சர் காலடியில் உட்கார்ந்தாள். இடது கை குடுவையைத் தூக்கியது. டீச்சரின் கழுத்து விறைத்தது. உதடு பிரிந்தது. ஃபாதர் தொண்டையைச் செருமினார். உதடு மூடிக்கொண்டது. தையல்காரி எண்ணினபடியே எல்லாம் நடந்தது. இனி சிலுவைதான் பாக்கி.

ஆனால் வாண்டு ஜெப மேசைக்குப் போகவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு தன் தட்டையே முறைத்துக்கொண்டிருந்த அந்த வயசான முகத்தைப் பார்த்தாள். பாவம், இவர்களுக்கும் ஊற்ற ஆசையாக இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"வாங்க. உங்க முறை," என்று கிசுகிசுத்தாள்.

டீச்சர் திகைத்தார். ஃபாதர் பார்த்துக்கொண்டிருக்கிறார், வீம்பை விடவும் முடியாது. முனகிக்கொண்டே பாயில் இறங்கினார். வலது கையால் குடுவையை எடுத்தார். கை நடுங்கியது. சில மாதங்களாகவே அந்தக் கை நடுங்குகிறது, கரும்பலகையில் எழுதுவதைக்கூடப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். தண்ணீர் தட்டெல்லாம் கொட்டியது. வாண்டு ஸ்பாஞ்சை நீட்டினாள். டீச்சர் துடைத்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி கொட்டியது.

"அந்தக் கையில வரலைன்னா இந்தக் கையில ஊத்துங்க," என்றாள் வாண்டு, டீச்சரின் இடது கையைத் தொட்டு. "இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. குடுவை கை மாறியது. இடது கை அதைத் தூக்கிய விதத்திலேயே தையல்காரிக்கு விளங்கிவிட்டது. கத்தரிக்கோலைத் தூக்கும்போது தன் கை எப்படித் தூக்குமோ அப்படி. புதுசாகப் பழகுகிற கைக்குக் குழப்பம் இருக்கும், மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. இந்த மணிக்கட்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தண்ணீர் நூல் பிடித்த மாதிரி கிண்ணத்தில் இறங்கியது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

பிள்ளைகள் போன பிறகு டீச்சர் எழுந்திருக்க முடியாமல் அதே நாற்காலியில் இருந்தார். தையல்காரி கை கொடுக்கவில்லை. எதிரே நின்றாள்.

"எப்பலேர்ந்து டீச்சர்?"

"பொறந்ததுலேர்ந்து." குரல் தேய்ந்திருந்தது. "எங்கப்பா அந்தக் கைய அடுப்புல வச்சாரு. என் வகுப்புல உனக்கிருந்த வயசுதான் எனக்கு அப்ப. உன்னை நான் கட்டித்தான் போட்டேன். எனக்குப் பண்ணினதுல பாதிகூட உனக்குப் பண்ணல."

ஏதோ தள்ளுபடி கொடுத்த மாதிரி சொன்னார். தையல்காரிக்கு உச்சி முதல் பாதம்வரை பற்றி எரிந்தது. தெரியாமல் செய்தார், பழைய காலத்து ஆள், பிரம்புதான் படிப்பு என்று நினைத்தார் என்றெல்லாம் எத்தனையோ ராத்திரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இந்தப் பொம்பளைக்குத் தெரியும். எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், எல்லாம் தெரிந்துதான் ரிப்பனை இறுக்கியிருக்கிறாள்!

"வலிக்கும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறமும் கட்டினீங்க."

"அடிச்சதாலதானே நான் மாறினேன்? நீயும் மாறணும்னுதான்..."

"மாறலையே டீச்சர்," என்றாள் தையல்காரி. "இப்பத்தானே பாத்தேன்."

 டீச்சரின் மடியில் இருந்த இடது கையை வலது கை மூடிக்கொண்டது. பிறகு, "மன்னிச்சிடு," என்றார், தரையைப் பார்த்து.

"அதெல்லாம் கோயில்ல கேளுங்க. என்கிட்ட ஸ்டாக் இல்ல."

"நான் என்ன பண்ணணுங்கிற? அறை இருக்கட்டும்னு ஃபாதர்கிட்ட சொல்லிடறேன்."

"அது சொல்லத்தான் போறீங்க. அதுமட்டும் பத்தாது. அஞ்சு வயசுப் பிள்ளை ஒண்ணுகூட உங்க நீள அறைக்கு வராது. நீங்கதான் இங்க வரணும். ஒவ்வொரு ஞாயிறும். இதே நாற்காலி, கை மடியில, வாய் மூடி."

"எவ்வளவு நாளைக்கு?"

"எனக்குப் புதுநன்மை ஒரு வருஷம் தள்ளிப்போச்சு," என்றாள் தையல்காரி.

வந்தார். மழையிலும் வந்தார், காய்ச்சலோடும் வந்தார். நீள அறையில் ஸ்கேல் இருந்த இடத்தில் தூசு படிந்தது, வேறொரு வாத்தியார் வந்தார். டீச்சர் குட்டை நாற்காலியில் முட்டியைக் கட்டிக்கொண்டு, இடது கைப் பிள்ளைகளும் வலது கைப் பிள்ளைகளும் சிந்துவதையும் துடைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டு கூப்பிட்டால் இறங்கி ஊற்றுவார். "ஒரு மெத்தையாவது தச்சுப் போடேன், வயசானவங்க," என்றான் புருஷன். "உங்க பஸ் சீட்டைக் கழட்டிக் குடுங்க," என்றாள். தைக்கவில்லை.

வருஷம் முடிகிற ஞாயிறு. பிள்ளைகள் போய்விட்டார்கள். தையல்காரி அறை மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் பூசை உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அறையில் யாரும் இல்லை என்று நினைத்துவிட்டார் டீச்சர். ஜெப மேசைக்கு முன்னால் போய், அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறங்கினார்.  பிறகு இடது கை எழுந்தது. நெற்றி, நெஞ்சு, தோள், தோள். சின்னப் பிள்ளை போடுகிற மாதிரி பெரிசாக ஒரு சிலுவை.

தையல்காரியின் நாக்கு நுனியில் அந்த வாக்கியம் வந்து நின்றது. இத்தனை வருஷம் துருப்பிடிக்காமல் வைத்திருந்த வாக்கியம். 'அது சாத்தானோட கை.' சொல்லிவிட்டால் போதும், அந்தக் கிழவி அங்கேயே நொறுங்கிவிடுவாள். திரையை விலக்கினாள். வாயைத் திறந்தாள்.

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். இடது கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. கண் தையல்காரியின் முகத்தைவிட்டு நகரவில்லை. எங்கிருந்து அடி விழும் என்று பார்க்கிற எட்டு வயசுக் கண். இந்தப் பயத்தை இந்த முகத்தில் பார்க்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். பார்த்துவிட்டாள். இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இனித்தது.

ஆனால் இந்த அறையில் யாரும் யாரையும் திருத்தக் கூடாது. சட்டம் போட்டவள் அவள்தான். டீச்சர் வாயைக் கட்டப் போட்ட சட்டம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் அதை மீறினால், இது இன்னொரு நீள அறை ஆகிவிடும், அப்புறம் வாண்டு எங்கே போவாள்? வாக்கியத்தை விழுங்கினாள். முள் மாதிரி தொண்டையைக் கீறிக்கொண்டுதான் இறங்கியது.

"கைய மறைக்க வேண்டாம் டீச்சர்," என்றாள். "இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

டீச்சர் அழுதார். அவள் போய்த் தேற்றவில்லை. ஸ்பாஞ்சைப் பிழிந்து காயப் போட்டாள், கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். போகும்போது டீச்சர் வாசலில் நின்றார்.

"வருஷம் முடிஞ்சிடுச்சு."

"தெரியும்."

"அடுத்த வாரம் வரலாமா?"

தையல்காரி சுவரோரம் பார்த்தாள். "வாங்க."

"அதே நாற்காலிதானா?"

"அதேதான்," என்றாள்.